காருக்குச் செய்த ஜிபிஎஸ் பைக்கில் ஏன் அணைந்து அணைந்து போனது: ஒரு நிகழ்வு ஆய்வு

பைக்கில் கார் ஜிபிஎஸ் கருவியை மாட்டலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கவலைப்படுவது மழையைப் பற்றி, அடுத்து சிக்னல் கிடைக்குமா என்பதைப் பற்றி. இந்த வண்டியில் இரண்டுமே பிரச்சினையாக இல்லை. முதல் மழை வருவதற்கு முன்பே கருவி மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது, சிக்னலோ காரில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. கோளாறு முழுக்க கரண்ட் வரும் பாதையில் இருந்தது, அதுவும் ஒரே இடத்தில் இல்லாமல் மூன்று இடங்களில். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முளைத்ததால், பார்த்தவர்கள் எல்லாரும் "கருவியே போச்சு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். போகவில்லை, அதே கருவிதான் இப்போதும் ஓடுகிறது. என்ன நடந்தது, எதை எந்த வரிசையில் பார்த்தோம், எது தேறியது, எது தேறவே இல்லை என்பதை முழுதாக எழுதுகிறேன்.

வண்டியும் கருவியும்

வண்டி 350 சிசி, ஒற்றை சிலிண்டர், 12 வோல்ட் 9 ஆம்பியர்-அவர் பேட்டரி. கருவி காரில் முன்கண்ணாடியில் உறிஞ்சு கப் வைத்து ஒட்டும் வகை, 5 அங்குலத் திரை, மினி யுஎஸ்பி துளை, உள்ளே சின்ன லித்தியம் பேட்டரி. திரை அழுத்தினால் வேலை செய்யும் பழைய ரெசிஸ்டிவ் வகை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். எந்தக் கம்பெனி என்பதைச் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. எந்தக் கம்பெனியின் கார் கருவியாக இருந்தாலும் இதே இடங்களில்தான் விட்டுக்கொடுத்திருக்கும்.

உரிமையாளர் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர். காரை விற்றபின் கருவி சும்மா கிடந்தது, சரி வண்டியில் மாட்டிப் பார்ப்போம் என்று மாட்டியிருக்கிறார். ஹேண்டில்பாரில் யு-போல்ட், அதில் ஒரு அங்குல ரப்பர் பந்து, அதிலிருந்து நீளமான கை, அதன் முனையில் காரோடு வந்த பிளாஸ்டிக் தொட்டில். கரண்டுக்கு பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்து ஹெட்லைட் பக்கத்தில் ஒரு சிகரெட் லைட்டர் சாக்கெட்டைக் கட்டி, காரோடு வந்த பிளக்கை அதில் செருகியிருந்தார். நிறையப் பேர் இப்படித்தான் மாட்டுகிறார்கள். பார்க்க எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

புகார்

"அண்ணா, கிளம்பும்போது நல்லா இருக்கு. கொஞ்ச தூரம் போனதும் கரண்ட் இல்லன்னு சொல்லி அணையிறதுக்கு எண்ண ஆரம்பிச்சிடுது. வண்டிய நிறுத்திப் பார்த்தா திரும்ப ஒழுங்கா எரியுது."

இதுதான் முதல் புகார். பிளக்கில் கோளாறு என்று நினைத்து போன் சார்ஜரையும் ஒரு சாதாரண யுஎஸ்பி கேபிளையும் போட்டுப் பார்த்திருக்கிறார், அப்போது கருவி வரைபடத்தையே காட்டாமல் கம்ப்யூட்டர் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இடையில் ஒருமுறை வண்டியைச் சில வாரம் எடுக்காமல் வைத்திருந்து செல்ஃப் அடித்தால் பேட்டரி காலி. இது போக நண்பகலில் திரை தெரிவதில்லை, குரல் காதில் விழுவதில்லை, இருசக்கர வாகனத்துக்கு அனுமதியில்லாத விரைவுச்சாலைக்குள் போகச் சொல்கிறது. இவை தனித்தனிப் பிரச்சினைகள், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததால் ஒரே நோய் மாதிரித் தெரிந்தது.

சிக்னலை முதலில் ஒதுக்கினோம்

இது சீக்கிரம் முடிந்த வேலை. கருவியின் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து, வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும் பட்டைகளைப் பார்த்தோம், திறந்த வெளியில் குறைச்சலே இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிற சிக்னல் தரைக்கு வரும்போது மிகவும் மெலிந்துதான் வருகிறது. காரில் தகரக் கூரையும், சில கார்களில் வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பைக்கில் மேலே வானம்தான். இடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள் வேண்டும், அதைவிட அதிகமாகவே எப்போதும் தெரிந்தது. பிளாஸ்டிக் உறை போட்டாலும் மாற்றமில்லை.

நிற்கும்போது வரைபடம் தானாகச் சுற்றுகிறதே என்று தம்பி கேட்டார். அது கோளாறு கிடையாது. காந்தத் திசைகாட்டி இல்லாத கருவி, நாம் நகர்ந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்பதைக் கணக்குப் போடும், நின்றுவிட்டால் சில மீட்டர் பிழையில் புள்ளி அங்கும் இங்கும் ஆடுவதையே பயணம் என்று எடுத்துக்கொள்ளும்.

கரண்ட்: இங்கேதான் நேரம் போனது

மல்டிமீட்டரை வைத்து பேட்டரியிலிருந்து தொடங்கினோம். எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14.2, செல்ஃப் அடிக்கிற நொடியில் 10-க்குக் கீழே இறங்கி மீண்டும் ஏறியது. பேட்டரியும் சார்ஜிங்கும் ஆரோக்கியம். லைட்டர் சாக்கெட்டின் வாயிலும் அதே அளவுதான். ஆக கருவிக்கு வர வேண்டியது வந்துகொண்டுதான் இருக்கிறது, வண்டி நிற்கும்வரை.

எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகியபடி பிளக்குக்குப் பின்னால், 5 வோல்ட் பக்கம் அளந்தோம். மல்டிமீட்டரின் எண் ஆடவே இல்லை. ஆடாது, சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளவெடுக்கும், நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் அறுந்து ஒட்டுகிற கனெக்ஷனை அது பார்க்கவே பார்க்காது. மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், வோல்ட் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. அதில் பார்த்தபோது ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில், சுமார் 3,600 ஆர்பிஎம் பக்கம், 5 வோல்ட் கோடு சீப்புப் பல் மாதிரி நறுக்கு நறுக்கென்று அறுந்தது. அதற்குக் கீழேயும் மேலேயும் பரவாயில்லை. தம்பி சாதாரணமாக ஓட்டுகிற வேகமும் அந்தச் சுழற்சியில்தான் விழுகிறது, அதனால்தான் "கொஞ்ச தூரம் போனதும்".

காரணம் லைட்டர் பிளக். 21 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தச் சாக்கெட்டைச் சிகரெட் பற்றவைக்கத்தான் செய்தார்கள், அதில் கரண்ட் எடுக்கிற பழக்கம் பிறகு வந்தது. நடுவில் ஒரு ஸ்பிரிங் முள் தள்ளிக்கொண்டு நிற்கும், பக்கவாட்டில் இரண்டு தகட்டு நாக்கு, பிளக்கைப் பிடித்து வைக்க உறுதியான பூட்டு எதுவும் கிடையாது. ஸ்பிரிங்கே பிளக்கை வெளியே தள்ளுகிறது. காரில் அதிர்வு குறைவு, தாங்கிவிடும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 3,600 ஆர்பிஎம்மில் நொடிக்கு 60 முறை உதறுகிறது, மணிக்கு 2,16,000 உதறல், முள்ளும் தகடும் தொட்டுத் தொட்டு விடுவதைத் தவிர வேறு என்ன செய்யும். பல பைக்குகளில் வரும் மெல்லிய 12 மில்லிமீட்டர் சாக்கெட், ஐஎஸ்ஓ 4165 என்ற தர அளவில் வருவது, இதைவிடக் கெட்டியாகக் கவ்வும். ஆனால் பிளக்கே இல்லாமல் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

சரி, கரண்ட் ஒரு கணம் அறுந்தால் கருவி ஏன் அணைய வேண்டும், உள்ளே பேட்டரி இருக்கிறதே? இங்கே கார் கருவியின் குணம் வருகிறது. காரில் சாவியைத் திருப்பி எடுத்ததும் கருவியும் தானாக அணைய வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திய காரில் கிடந்து உள்பேட்டரியைத் தீர்த்துவிடும். அதனால் வெளிக்கரண்ட் போனதுமே சில நொடி எண்ணிவிட்டு அணைகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள், திரையைத் தொட்டால் எண்ணுவது நிற்கும். காரில் நல்ல வசதி. பைக்கில், ஓடுகிற வண்டியில், கை ஹேண்டிலில் இருக்கும்போது யார் தொடுவது? கருவியின் மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்தது, சாவியை எடுத்துவிட்டோம் என்று அது நம்பியது.

கம்ப்யூட்டர் படம்

சாதாரண கேபிள் போட்டபோது வந்த கம்ப்யூட்டர் படத்துக்கும் விளக்கம் உண்டு. மினி யுஎஸ்பியில் 5 முனைகள். சாதாரண கேபிளில் நான்காவது முனை சும்மா இருக்கும். பல கார் கருவிகளோடு வரும் சார்ஜர் கேபிளில் அந்த நான்காவது முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் கருவி "வண்டியில் இருக்கிறேன்" என்று தெரிந்துகொள்கிறது. ரெசிஸ்டர் இல்லாவிட்டால் யாரோ கம்ப்யூட்டரில் செருகிவிட்டார்கள் என்று நினைத்து வரைபடத்தை மூடிவிட்டு மெமரியைத் திறந்து கொடுக்கும். எந்த மதிப்புள்ள ரெசிஸ்டர் என்பது கருவிக்குக் கருவி மாறும். ஊகித்துப் போடாமல் காரோடு வந்த கேபிளின் முனையை வெட்டியெடுத்து அதையே பயன்படுத்துங்கள், நாங்களும் அதைத்தான் செய்தோம்.

கேபிள் மெலிவு

லைட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு, மேசை மேலேயே ஒரு நல்ல 5 வோல்ட் மூலத்திலிருந்து தம்பி போட்டுப் பார்த்த கேபிள் வழியாகக் கரண்ட் கொடுத்தோம். அதிர்வே இல்லாத மேசையிலும், திரை முழு வெளிச்சத்தில் இருக்கும்போது கருவி அவ்வப்போது சார்ஜ் ஆவதை நிறுத்தியது. கருவி முனையில் அளந்தால் 4.6 வோல்ட். யுஎஸ்பி 2.0 விதிப்படி கரண்ட் கொடுக்கும் முனையில் 5 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 5 சதவீதம், அதாவது 4.75-க்குக் கீழே போகக்கூடாது; கேபிளின் மறுமுனையில் அதைவிடக் கொஞ்சம் குறையலாம், ஆனால் இந்தக் கருவிக்கு 4.6 போதவில்லை.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். மலிவான கேபிள்களில் கரண்ட் வயரும் 28 கேஜ் தான் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெலியும்), மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். கேபிள் ஒன்றரை மீட்டர், போக வர 3 மீட்டர், ஆக 0.64 ஓம். கருவி 0.8 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே அரை வோல்ட் காலி. அதே நீளத்துக்கு 22 கேஜ் வயர் போட்டால் இழப்பு 0.13 வோல்ட்தான். இதைவிட நல்ல வழி, 12 வோல்ட்டை 5 ஆக்குகிற கன்வெர்ட்டரைக் கருவிக்குப் பக்கத்தில் வைப்பது. நீளமான ஓட்டம் 12 வோல்ட்டில் நடக்கட்டும், 5 வோல்ட் ஒரு சாண் தூரம் போனால் போதும். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பைக்கில் போன் சார்ஜ் ஆகவில்லை என்று புலம்புகிற பாதிப் பேருடைய பிரச்சினை தீரும்.

கருவியைத் திறந்தபோது

பிளக் போயாயிற்று, கேபிள் மாற்றியாயிற்று, இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. கருவியில் செருகியிருக்கும் முனையை விரலால் லேசாக மேலே தூக்கினால் சார்ஜ் அடையாளம் மறைந்தது, விட்டால் வந்தது. பின்பக்கத் திருகுகளைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தோம். மினி யுஎஸ்பி சாக்கெட்டைப் போர்டில் பிடித்திருக்கும் நான்கு உலோகக் கால்களில் இரண்டைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை விரிசல். காரில் அந்தக் கேபிள் டேஷ்போர்டில் சும்மா கிடக்கும். பைக்கில் காற்றும் அதிர்வும் சேர்ந்து கேபிளை ஆட்டுகின்றன, அந்த ஆட்டம் முழுக்கச் சாக்கெட்டின் கால்களில் போய் முடிகிறது. தம்பியின் மவுண்ட்டில் கேபிளைத் தொட்டிலோடு கட்டிப் பிடிக்க எதுவுமே இல்லை.

உள்ளே இருந்த லித்தியம் செல்லும் வயதாகியிருந்தது. உப்பவில்லை, அது நல்லது, உப்பியிருந்தால் தொடாமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். முழுசாக சார்ஜ் ஏற்றினாலும் சில நிமிடம்தான் தாக்குப்பிடித்தது. செல்லை மாற்றும்போது வயர்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று இருக்கும். மூன்றாவது வயர் செல்லின் சூட்டைச் சொல்லும் தெர்மிஸ்டருடையது, அதை விட்டுவிட்டு இரண்டு வயர் செல்லைப் போட்டால் பல கருவிகள் சார்ஜ் ஏற்றவே மறுக்கும்.

செய்த வேலை

சாக்கெட்டின் கால்களுக்குப் புது ஈயம் வைத்துச் சூடேற்றி, ஓரங்களில் கொஞ்சம் எபாக்ஸி விட்டோம், துளைக்குள் போகாமல். புது செல், அதே அளவு, மூன்று வயர். காரோடு வந்த கேபிளின் முனையை வெட்டி ஒரு சாண் நீளத்தில் கன்வெர்ட்டரோடு நேராக சால்டர் செய்து, அந்தக் கேபிளைப் புதுத் தொட்டிலின் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) முதுகிலேயே இரண்டு இடத்தில் கட்டிவிட்டோம். இப்போது கேபிளை இழுத்தாலும் இழுவை தொட்டிலுக்குப் போகிறது, சாக்கெட்டுக்குப் போவதில்லை.

கன்வெர்ட்டர் பிசின் ஊற்றி அடைத்த வகை, 8 வோல்ட் உள்ளே வந்தாலே 5 வோல்ட் ஒழுங்காகக் கொடுக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி இறங்குகிறதே, அந்த நொடியில் கருவி மறுபடி முதலிலிருந்து எழுந்திருக்காமல் இருக்க இது முக்கியம். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ், அப்புறம் ஒரு ரிலே, அதாவது சின்னக் கரண்டால் இயங்கும் சுவிட்ச். ரிலேயை எழுப்புகிற வயரைப் பின்விளக்கு வயரிலிருந்து எடுத்தோம், சாவி போட்டால்தான் கருவிக்குக் கரண்ட்.

பேட்டரி காலியான மர்மம் இதோடு முடிந்தது. முன்பு லைட்டர் பிளக் நேராகப் பேட்டரியில் இருந்தது, பிளக்குக்குள் இருக்கும் சர்க்யூட்டும் விளக்கும் கருவி இல்லாவிட்டாலும் 20 மில்லி ஆம்பியர் தின்றுகொண்டிருந்தன. ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-அவர், இரண்டு வாரத்தில் ஏழுக்குப் பக்கம், இருப்பதோ 9. கார் பேட்டரி இதைவிட ஐந்தாறு மடங்கு பெரியது, அங்கே இது கணக்கிலேயே வராது.

வயரைக் கட்டும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் தொங்குகிற வயர் மறுபக்கம் திருப்பினால் விறைக்கும் அல்லது ஃபோர்க்குக்கு நடுவே நசுங்கும்.

அதிர்வு

மவுண்ட்டில் நீளக் கையைக் கழற்றிவிட்டுக் குட்டைக் கை போட்டோம், இடத்தையும் ஹேண்டிலின் ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஃபோர்க்கின் மேல் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். ஹேண்டில்பாரின் நுனிதான் அதிகம் உதறும், நடுவில் குறைவு, நீளக் கை அதை இன்னும் பெருக்கிக் காட்டும். தொட்டிலையும் தூக்கிப் போட்டோம், காரில் ஒரு விரலால் கழற்ற வசதியாகச் செய்த பிளாஸ்டிக் கொக்கி பள்ளத்தில் தானே கழன்றுகொள்ளும். நான்கு பக்கமும் பிடிக்கிற உலோகத் தொட்டில், பின்னால் 30-க்கு 38 மில்லிமீட்டரில் நான்கு துளை. ஆம்ப்ஸ் என்று சொல்கிற இந்தத் துளை அளவு பெரும்பாலான மவுண்ட்களுக்குப் பொது. போதாக்குறைக்கு ஒரு மெல்லிய கம்பிக் கயிறும்.

இதெல்லாம் எதற்கு, போனை மாட்டிவிட்டுப் போகலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல். 2021 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட குறிப்பில், சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகப் போனுக்குப் போனால் கேமராவின் ஆட்டம் தடுக்கும் அமைப்பும் ஆட்டோஃபோகஸும் பாதிக்கப்படலாம் என்று எச்சரித்தார்கள். சுண்டுவிரல் நகம் அளவு லென்ஸ் காந்தத்தில் மிதந்துகொண்டிருக்கிறது, அதை மணிக்கணக்கில் உதறினால் தாங்காது. நம்முடைய பழைய கார் கருவியில் கேமராவே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அது போனைவிடப் பைக்குக்கு ஏற்றது.

மழை, வெயில்

கார் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு நீர் காப்புத் தரமே கிடையாது. விதிவிலக்குகள் உண்டு, கார்மின் நூவி 500, 550 இரண்டும் கார் வரிசையில் வந்தாலும் ஐபிஎக்ஸ்7 தரம். பைக்குக்கென்றே வந்த கார்மின் ஸூமோவும் டாம்டாம் ரைடரும் நீர் புகாதவை. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் மூழ்கித் தாங்க வேண்டும். ஆனால் அது பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும் என்று அர்த்தமில்லை, அதற்கு ஐபிஎக்ஸ்5, 6 என்று தனிச் சோதனை இருக்கிறது, 5-இல் 6.3 மில்லிமீட்டர் குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் முகத்தில் அறைகிற மழை மூழ்கலைவிடப் பீய்ச்சலுக்குத்தான் நெருக்கம்.

தம்பி ஒளி ஊடுருவும் ஜிப் உறைக்குள் வைத்து ஓட்டினார். மழைக்கு அது போதும், கேபிள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், நுழைவதற்கு முன்னால் ஒரு தொங்கல் விட வேண்டும், அப்போது கேபிள் வழியே வழிகிற நீர் தொங்கலின் அடியிலிருந்து சொட்டிவிடும். ரெசிஸ்டிவ் திரை என்று சொன்னேனே, அது இங்கே கைகொடுத்தது. மழைத்துளி பட்டால் போன்களில் வரும் கெப்பாசிட்டிவ் திரை தானாகத் தொட்டுக்கொண்டு பைத்தியம் பிடித்த மாதிரி மெனுக்களைத் திறக்கும், தடித்த கையுறை போட்டால் கண்டுகொள்ளாது. ரெசிஸ்டிவ் திரைக்கு அழுத்தம் மட்டும்தான் கணக்கு. பழைய கார் கருவி பைக்கில் புதியதைவிட நன்றாக வேலை செய்யும் என்று நான் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள், காரணம் இதுதான்.

வெயிலில் உறை எதிரி. உள்ளே சூடு தங்கிவிடும், பெரும்பாலான லித்தியம் அயனி செல்களை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது, ஒழுங்கான கருவி அந்தச் சூட்டில் சார்ஜை நிறுத்திவிடும். வெயிலில் சார்ஜ் ஏறவில்லை என்றால் கேபிளைக் குறைசொல்லும் முன் கருவியைத் தொட்டுப் பாருங்கள். மழை வரும்போது மட்டும் உறை என்று இப்போது வழக்கமாகிவிட்டது.

தேறாதவை

நண்பகலில் திரை இன்னும் சுமார்தான். காரின் கூரை நிழலுக்குச் செய்த திரை திறந்த வெயிலில் தோற்கும், அதைப் பிரகாசமாக்க வழியில்லை. பிரதிபலிப்பைக் குறைக்கும் மங்கல் ஃபில்ம் ஒட்டி, மேலே ஒரு குட்டி மறைப்பு வைத்து, வரைபடத்தைப் பகல் நிறத்திலேயே நிறுத்தி வைத்ததில் கொஞ்சம் தேவலை. போலரைஸ்டு குளிர்கண்ணாடி போடுபவர்கள் கவனியுங்கள், சில கோணங்களில் எல்சிடி திரை முழுக் கறுப்பாகத் தெரியும், தலையைச் சாய்த்தால் வந்துவிடும்.

பெரிய குறை குரல்தான், என்னைக் கேட்டால் திரையைவிட முக்கியம். 60 கிலோமீட்டர் வேகத்தில் திரையை 2 நொடி பார்த்தால் 33 மீட்டர் பார்க்காமல் கடந்திருப்போம். கருவியின் ஸ்பீக்கர் ஹெல்மெட்டுக்குள் கேட்காது. ப்ளூடூத் இருக்கிறதே என்று ஹெல்மெட் ஹெட்செட்டை இணைக்கப் பார்த்தார், இணையவில்லை. பெரும்பாலான கார் கருவிகளில் ப்ளூடூத் இருப்பது போனுக்குக் கருவியே ஸ்பீக்கராக இருப்பதற்கு. கருவியும் ஹெட்செட்டும் இரண்டுமே போனை எதிர்பார்த்துக் காத்திருக்கும், ஒன்றோடொன்று பேசாது. ஹெட்போன் துளை உள்ள பழைய மாடலாக இருந்தால் வயரில் இழுக்கலாம், இதில் அதுவும் இல்லை. ஆக திருப்பம் வருவதற்கு முன்னால் திரையில் பெரிதாக அம்புக்குறி காட்டும் அமைப்பைப் போட்டு, கடைக்கண்ணில் பார்த்து ஓட்டுகிறார்.

வழி விஷயம். கருவிக்குத் தெரிந்த வாகனம் கார் மட்டுமே, இருசக்கர வாகனத் தடை அதன் கணக்கில் வராது. விரைவுச்சாலைகளைத் தவிர் என்று அமைப்பில் போட்டால் தடையில்லாத நல்ல நெடுஞ்சாலைகளையும் சேர்த்துத் தவிர்த்து சந்து சந்தாக இழுக்கிறது. இடைப்புள்ளிகளை முன்கூட்டியே வைத்துக்கொண்டு போவதுதான் இப்போதைக்கு வழி, புள்ளியைச் சாலையின் சரியான பக்கத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடந்துபோன பிறகும் "திரும்பு திரும்பு" என்று பிடிவாதம் பிடிக்கும்.

பழைய கருவியை எடுத்து மாட்டப் போகிறவர்கள் முதலில் அதன் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தேதியை வார எண்ணாக அனுப்புகிறது, அந்த எண் 10 பிட், 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத கருவிகள் ஏறத்தாழ இருபது வருடம் பின்னால் போய் நிற்கும். வரைபடமும் பழசாக இருக்கும். கம்பெனி புதுப்பிப்பது நின்றுபோன மாடல் என்றால், கார்மின் கருவிகளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத் தகவலிலிருந்து செய்த வரைபடக் கோப்பை மெமரி கார்டில் போட்டு ஓட்டலாம். கார்டு பொதுவாக எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் இருக்கும், ஒரு கோப்பு 4 ஜிபிக்குள் அடங்க வேண்டும், பெரிய நிலப்பரப்பை மொத்தமாக எடுக்காமல் போகிற பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்.

சும்மா கிடக்கிற கருவி, சால்டரிங் தெரிந்த ஒரு கை, இரண்டும் இருந்தால் மாட்டுங்கள். பைக்குக்காகவே ஒரு கார் கருவியைப் புதிதாக வாங்குவது வேண்டாம், அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து நீர் புகாத, ஹெட்செட்டோடு பேசத் தெரிந்த ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். தம்பியும் குரலுக்காக ஒருநாள் மாற்றத்தான் போகிறார். மாற்றினாலும் ஃபியூஸ், ரிலே, வயரிங் அப்படியே இருக்கும், கன்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம் முனையை மட்டும் வெட்டி மாற்றினால் போதும்.